பட்டாளத்து அத்தை செய்த ஜெபம்

மருத்துவமனையில் என் அத்தைக்குப் பட்டாளம் என்று பெயர். வைத்தவர் மாமா. சலவைக்கூடத்துக்குள் அத்தை நுழைந்தால் பேச்சு நிற்கும், கைகள் வேகம் பிடிக்கும், தரையில் கிடக்கும் ஈரத்துணி தானே எழுந்து கூடைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பார் அவர். கடைசியாகச் சொன்னதை நான் பார்த்ததில்லை. மற்ற இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா என்னைத் தன் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். படியில் கால் வைத்ததும் கீழிருந்து மருந்து நெடி வரும்; பாதிப் படியில் அது தோற்று, மேலிருந்து இஸ்திரி போட்ட துணியின் சூடான வாசனை வந்து சேரும். இன்றும் எங்காவது சூடான பருத்தித் துணியை முகர நேர்ந்தால் எனக்குப் பத்தொன்பது வயதாகிவிடுகிறது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் என்னை வளர்க்க வேண்டும் என்று அத்தையும், கெடுக்க வேண்டும் என்று மாமாவும் போட்டி போட்டார்கள்.

நான் அப்போதே கடவுள் இல்லை என்று முடிவுகட்டியிருந்தேன். அதற்கான புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஒருநாள் மாலை வந்து பார்த்தால் எல்லாவற்றுக்கும் பழுப்புத் தாளில் அட்டை போட்டிருந்தது.

"அத்தை, என் புத்தகத்துக்கு யார் அட்டை போட்டது?"

"நான்தான். போதகர் வீட்டுக்கு வர்றவரு. கண்ணுல பட்டா என்ன நெனப்பாரு?"

"நான் என்ன படிக்கணும்னு அவரா சொல்லணும்?"

"படிக்கிறது உன் இஷ்டம்டா நாத்திகா. அட்டை என் இஷ்டம்."

அத்தையின் மதம் அப்போது எனக்கு அந்த அட்டையைப் போலத்தான் தெரிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. வெளியே மடிப்பு நேராக இருக்க வேண்டும்.

மாமா அதே மருத்துவமனையின் பாய்லர் அறையில் வேலை பார்த்தார். அவர் நெருப்பு மூட்டினால்தான் அத்தையின் சலவைக்கூடத்துக்கு நீராவி வரும். நீராவி குறைந்தால் அத்தை இடுக்கியால் குழாயை மூன்று தட்டு தட்டுவார். கீழே பாய்லர் அறையில் அது இடி மாதிரி விழும். கல்யாணத்துக்கு முன்பே இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்ததாம். ஆளைப் பார்க்காமலே திட்டு வாங்கிக்கொண்டிருந்த மாமா ஒருநாள், யார் இந்தத் தட்டு தட்டுவது என்று கரி அப்பிய முகத்தோடு மேலே ஏறி வந்தார். பிறகு அடிக்கடி ஏறி வந்தார்.

சனிக்கிழமை பிற்பகல் அத்தை சலவைக்காரி இல்லை. எங்கள் சபையின் சந்திப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவி. வெள்ளை உடை, நெஞ்சில் நீல நாடா. ஏழெட்டுப் பெண்கள் பைகளில் ரொட்டியும் சோப்பும் எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போவார்கள். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரே முறைதான். நோயாளியின் பெயரைக் கேட்பது, தலையணையைச் சரிசெய்வது, கண்களை மூடச் சொல்வது, அத்தை ஜெபிப்பது, ஆமென் சொன்னதும் ரொட்டியைக் கையில் கொடுப்பது. கண்ணை மூட மறுத்தவர்களுக்கு ரொட்டி கிடையாது. சட்டமாக யாரும் எழுதி வைக்கவில்லை. பை அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடும், அவ்வளவுதான்.

இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. முதுகு ஒடிந்து கிடந்த ஒரு சுமைக்காரர், "எனக்கு இதுல பழக்கமில்லம்மா" என்று மரியாதையாகத்தான் சொன்னார். அவர் தலைமாட்டைத் தாண்டி ரொட்டி போனது. மாடியில் தனி அறைகள் இருந்தன. பணம் கட்டிப் படுத்திருந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அங்கே குழு ஏறியதே இல்லை. கண்ணை மூடச் சொன்னால் மணியடித்து நர்ஸைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று தெரியும். மறுக்க முடியாதவனிடம்தான் தருமம் தைரியமாக நடக்கிறது.

அத்தையிடம் இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். "வாய் கிழியப் பேசுறியே, நீ எத்தனை பேருக்கு ரொட்டி குடுத்த?" என்று ஒரே கேள்வியில் என்னை உட்கார வைத்துவிடுவார். 

அவருடைய ஜெபத்துக்கு ஊரில் பெரிய பெயர். மொத்தம் நாலே வரி. இந்தச் சகோதரனைத் தொட்டருளும். வைத்தியர்களின் கைகளை ஆசீர்வதியும். இவருடைய குடும்பத்தாரைத் தேற்றும். உமது சித்தம் நிறைவேறட்டும். குரல் மூன்றாவது வரியில் லேசாக நடுங்கும். அந்த இடத்தில் நோயாளிகள் அழுவார்கள். நானே ஒருமுறை பாதியில் வெளியே போயிருக்கிறேன்.

மாமா எந்தக் குழுவிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்காருவார். ஆராதனை முடிந்ததும் யாரோடும் பேசாமல் பாய்லருக்கு ஓடுவார். அவர் ஜெபித்து நான் பார்த்ததில்லை. அவரும் நம்ம ஆள்தான் என்று நினைத்து ஒருநாள் கேட்டேன்.

"மாமா, நீங்க ஜெபமே பண்றதில்லையா?"

"ஏன் பண்ணாம? பாய்லர் முன்னால நின்னு பேசுவேன். அங்க இருக்கிற சத்தத்துல யாருக்கும் கேக்காது."

"என்ன பேசுவீங்க?"

"என்னத்தப் பேசுறது, வீட்டு விஷயம்தான். உங்கத்தைக்கு முட்டி வலி, இந்தப் பய பரீட்சைக்குப் படிக்காம ஊருக்கு நியாயம் பேசித் திரியுறான், இப்படி."

அடுக்களையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "அதுக்குப் பேர் ஜெபமா? வம்பு."

"வம்பு பேசத்தானே ஆள் வேணும்? நல்லதச் சொல்லத்தான் நீ இருக்கியே" என்றார் மாமா.

நான் அவரைக் கைவிட்டுவிட்டேன். நம்ம ஆள் இல்லை.

நான் கடைசி வருடம் படிக்கும்போது மாமாவுக்கு இருமல் தொடங்கியது. புகை பிடிக்காத மனிதர். அந்த அறையின் புகைதான் அவரைப் பிடித்திருந்தது. மூக்கை மறைக்க ஏதாவது தாருங்கள் என்று பாய்லர்க்காரர்கள் வருடாவருடம் கேட்டார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று வருடாவருடம் பதில் வந்தது. நோயைக் குணப்படுத்துவதற்கென்று கட்டிய கட்டடம் தன் அடித்தளத்தில் நோயைத் தயாரித்துக்கொண்டிருந்தது. மாமாவை அதே கட்டடத்தின் ஆண்கள் வார்டில் சேர்த்தார்கள். நுரையீரலில் பாதி போய்விட்டது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் எதுவும் முடியாது என்று டாக்டர் என்னிடமும் அத்தையிடமும் சேர்த்தே சொன்னார். அத்தை அழவில்லை. மாமாவின் கட்டில் விரிப்பை உருவி எறிந்துவிட்டு, தானே தேய்த்த வேறொன்றைக் கொண்டுவந்து மூலைகளை இழுத்து மடக்கிப் போட்டார்.

அந்தச் சனிக்கிழமையும் குழு வந்தது. நான் மாமாவின் தலைமாட்டில் நின்றிருந்தேன். அத்தை நீல நாடாவோடு பெண்களின் முன்னால் வந்தார். இந்தக் கட்டிலில் யார் ஜெபிப்பது என்று குழுவில் இருந்த தையல்கார அக்கா தயங்க, "நானே பண்றேன்" என்றார். தலையணையைச் சரிசெய்தார். எல்லோரும் கண்களை மூடினார்கள். மாமாவும் மூடினார். நான் மூடவில்லை.

"இந்தச் சகோதரனைத் தொட்டருளும். வைத்தியர்களின் கைகளை ஆசீர்வதியும். இவருடைய மனைவியைத் தேற்றும் ஆண்டவரே, அந்த அம்மா எங்கே இருந்தாலும் அவர்களுக்கு ஆறுதல் தாரும்."

மூன்றாவது வரியில் குரல் நடுங்கியது. எந்தக் கட்டிலிலும் நடுங்கும் அதே அளவு. நாலாவது வரியும் வந்தது. ஆமென் சொன்னார்கள். ரொட்டிப் பொட்டலத்தை அத்தை மாமாவின் கையில் வைத்தார்.

மாமா ஒரு கண்ணைத் திறந்தார். "அந்தம்மாவை எனக்குத் தெரியும். ரொம்பக் கோவக்காரங்க. தேத்துறது கஷ்டம்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். தையல்கார அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அத்தை எதையும் கவனிக்காமல் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்து, பெயரைக் கேட்டு, தலையணையைச் சரிசெய்து, கண்களை மூடினார். மூடியவர் அப்படியே நின்றார். வார்த்தை வரவில்லை. அந்த நோயாளி ஒரு கண்ணால் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அத்தை ரொட்டியை அவர் மடியில் வைத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் விடுவிடென்று போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

படியில் உட்கார்ந்திருந்தார். அவர் படியில் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என் புருஷனை யாரோன்னு நெனச்சு ஜெபம் பண்ணிருக்கேன்டா."

"பழக்கம் அத்தை. எல்லாருக்கும் பண்ற மாதிரி வந்துடுச்சு."

"அதத்தான் சொல்றேன். எல்லாருக்கும் இப்படித்தானே பண்ணிருக்கேன்? அந்தக் கட்டில்ல யாரு கெடந்தா எனக்கென்னன்னு."

"ரொட்டி நெசம்தானே? தின்னவனுக்குப் பசி அடங்குச்சா இல்லையா? குடுத்தவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு வயிறு கேக்குமா?" நான் மனமாரத்தான் சொன்னேன். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

"வயிறு கேக்காது. நான் கேப்பேன்ல?" என்றார் அத்தை.

மறுநாள் மாமா அவரை அருகில் கூப்பிட்டு உட்காரவைத்தார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "எனக்கு ரொட்டி வேண்டாம், சோப்பு வேண்டாம். நான் போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை எனக்காக நீயாப் பேசு. நான் காதால கேக்கணும்."

"என்னத்தப் பேச?"

"அது எனக்கெப்படித் தெரியும்? தெரிஞ்சா நானே பேசிட மாட்டேனா?"

அத்தை முயன்றார். தினமும் வேலை முடிந்து வந்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடுவார். இந்தச் சகோதரனை என்று தொடங்கும். நிறுத்துவார். உதட்டைக் கடித்துக்கொள்வார். மறுபடி தொடங்கினால் வைத்தியர்களின் கைகள் வரும். மாமா அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "சரி விடு, நாளைக்குப் பாக்கலாம்" என்பார். ஆனால் அவரிடம் நாளைகள் குறைந்துகொண்டே வந்தன. பேச்சு இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்றது. வீட்டில் அத்தை இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு துணியைப் பார்த்தபடி நின்றுவிடுவார். அந்த வீட்டில் முதல்முதலாகக் கருகல் வாசனை வந்தது அப்போதுதான். உதவ எனக்கு வழி தெரியவில்லை. நான் நம்பாத ஒன்றைச் சரியாகச் செய்ய ஒருவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

இந்த நேரத்தில்தான் சந்திப்புக் குழுவின் ஆண்டு விழா வந்தது. மாதிரி விசுவாசி என்று அத்தையை மேடையேற்றிக் கேடயம் கொடுப்பதாக ஏற்பாடு. போதகர் வீட்டுக்கே வந்து சொன்னார். நல்ல மனிதர்தான், எதிலும் நல்லதையே பார்ப்பார், அதுதான் அவரிடம் இருந்த கோளாறு.

"வேண்டாங்க ஐயா. எனக்கு விசுவாசம் இருக்கான்னே தெரியல. மனப்பாடமா ஒப்பிச்சிட்டிருந்தேன்."

"ஆகா, என்ன தாழ்மை!" என்றார் போதகர்.

"தாழ்மை இல்லைங்க ஐயா. உண்மையைச் சொல்றேன்."

"அப்படியே சபையில வந்து சொல்லுங்கம்மா. எல்லாருக்கும் பிரயோஜனமா இருக்கும்."

சரி, அங்கேயே சொல்லித் தொலைக்கிறேன் என்று அத்தை ஒப்புக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். கேடயத்தைப் போதகர் நீட்ட, அதை வாங்காமல் அத்தை ஒலிபெருக்கி முன்னால் நின்றார். வார்டில் எத்தனையோ பேருக்கு ஜெபித்ததாகவும், ஒருவருடைய முகம்கூட நினைவில் இல்லை என்றும் சொன்னார். கண்ணை மூடாதவர்களுக்கு ரொட்டி கொடுக்காமல் போனதைச் சொன்னார். போன வாரம் சொந்தப் புருஷனுக்கே ஊரார் ஜெபத்தைச் செய்ததையும் சொன்னார். "உள்ள ஒண்ணுமில்ல. நாடாதான் இருந்துச்சு. இத வாங்கினா நான் திருடி."

 பிறகு முன்வரிசையில் யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள். கைதட்டல் எழுந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். இவ்வளவு பெரிய சேவை செய்துவிட்டு எவ்வளவு பணிவு பாருங்கள் என்று எனக்குப் பின்னால் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். போதகர் நெகிழ்ந்துபோய்க் கேடயத்தை மறுபடி நீட்டினார். அத்தை நீல நாடாவைப் பிடுங்கி மேடை மேல் வைத்துவிட்டு, நடுவழியாக நடந்து வாசலைத் தாண்டிப் போனார். அதற்கும் கைதட்டினார்கள்.

மருத்துவமனை வரைக்கும் நான் அவர் பின்னால் ஓட வேண்டியிருந்தது. வார்டுக்குள் புயல் மாதிரி நுழைந்தார். பகல் உணவு முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்திருந்த நேரம். மாமா விழித்திருந்தார்.

"கைதட்டுறாங்க! நான் போலின்னு சொல்றேன், கைதட்டுறாங்க! உண்மையைச் சொன்னாக்கூட அதுவும் நான் செஞ்ச நல்ல காரியமாயிடுது. என்ன ஜனங்க இவங்க?" கட்டிலைச் சுற்றி நடந்தபடி பேசினார். விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவினார். தண்ணீர்க் குவளையை இடம் மாற்றினார். "பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க? இத்தனை வருஷமா ஒரே பாட்டைப் பாடிட்டிருக்காளே, போதும் நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மாமா பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"இந்த மனுஷன் என்ன கேட்டாரு? பொன்னா பொருளா? ஒரு தடவை பேசுன்னாரு. எனக்கு வரல. எனக்கு என்ன வரும்னு உங்களுக்குத் தெரியாதா? துணி துவைக்க வரும், அதட்ட வரும். வேற என்ன தெரியும் எனக்கு? இவரை விட்டுருங்கன்னு கேக்க எனக்கு வாயில்ல. எத்தனை பேரு பொண்டாட்டி இப்படிக் கெஞ்சிட்டு நின்னாங்க, நான் ரொட்டியை நீட்டிட்டுப் போயிட்டேன். இருந்தாலும் கேக்குறேன். வெக்கத்தை விட்டுக் கேக்குறேன். முடியாதுன்னா மூச்சாவது நல்லா விடட்டும். ராத்திரி அந்தச் சத்தம் என்னால கேக்க முடியல. பயமா இருக்கு எனக்கு. அந்த வீட்டுக்குத் தனியா எப்படிப் போவேன்? உங்க மேல எனக்குக் கோவம். ஆமா, கோவம்தான். என்ன பண்ணுவீங்க, பண்ணுங்க."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தை அழுதார். குரல் மூன்றாவது வரியில் நடுங்குகிற மாதிரி இல்லை. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, கேட்க அவ்வளவு அழகாக இல்லாத அழுகை.

"ஆமென்" என்றார் மாமா.

அத்தை திரும்பினார். "என்ன ஆமென்? உங்ககிட்டதானே சொல்லிட்டிருந்தேன்?"

"எங்கிட்ட இல்ல. நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

அத்தை ஜன்னலைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு கட்டிலின் விளிம்பில், விரிப்பு கசங்கும் என்று கூடப் பார்க்காமல், உட்கார்ந்தார். மாமா அவர் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் வேறெந்த முகத்திலும் கண்டதில்லை. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

மாமா அடுத்த வாரமே இறந்துபோனார். அத்தையின் வேண்டுதல் எதையும் மாற்றவில்லை. மூச்சுத்திணறலும் கடைசிவரை இருந்தது. கேட்க அங்கே யாரும் இருந்ததாக நான் நம்பவில்லை. ஆனால் பேசியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தப் பிற்பகலுக்கு முன் நான் அத்தையின் குரலை வைத்துக்கொண்டு அவரைத் தெரியும் என்று நினைத்திருந்தேன். முகத்தைக் கழுவிய பிறகுதான் ஒருவரை அடையாளம் தெரிவதுபோல அன்று தெரிந்தது. மனிதர்களைக் கட்டிப்போடுகிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று ஒரு மனுஷியின் கட்டை அவிழ்த்ததை நேரில் பார்த்தேன். இதற்கு என் புத்தகங்களில் விளக்கம் தேடியிருக்கிறேன். சில நல்ல விளக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் எதிலும் அத்தை இல்லை.

துக்கம் முடிந்ததும் அவர் மறுபடியும் வார்டுக்குப் போனார், தனியாக. முதலில் ரொட்டியைக் கொடுத்துவிடுவார். பிறகு, "ஜெபம் வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னா சொல்லுங்க, எனக்கும் வேலை மிச்சம்" என்பார். பலர் வேண்டாம் என்றார்கள். வேண்டும் என்றவரிடம் நாற்காலியை இழுத்துப்போட்டு, வீட்டில் யார் யார், எதற்குப் பயம் என்று கேட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு பிற்பகலில் இரண்டு கட்டிலைத் தாண்டமாட்டார். திக்கித் திக்கித்தான் ஜெபிப்பார், சில சமயம் பாதியில் நிறுத்தி நோயாளியிடமே, "வேற என்ன சொல்ல?" என்று கேட்பார். பழைய அழகு போய்விட்டது என்று சபையில் வருத்தப்பட்டார்கள். புருஷன் போன அதிர்ச்சி என்றார்கள்.

வேலை கிடைத்து நான் வெளியூர் போனேன். வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பேன். அத்தைக்கு முதுமையில் காது மந்தமாகிவிட்டது. தான் உரக்கப் பேசுவது தெரியாமல், அடுக்களையில் நின்று ஆண்டவரோடு வழக்காடிக்கொண்டிருப்பார். கீழே மருந்துக்கடைக்காரர் வரைக்கும் கேட்கும். கடைசியாக நான் போனபோது தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பெரிய புகார் நடந்துகொண்டிருந்தது.

"இன்னுமா அத்தை அவரைத் திட்டுறீங்க?" என்று காதருகில் போய்க் கத்தினேன்.

"பின்ன? திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணாமா? நீ வருஷத்துக்கு ஒரு நாள் வர்ற." டீயை என் பக்கம் நகர்த்தினார். "உன்னைப் பத்தியும் சொல்லி வச்சிருக்கேன்."

"என்னன்னு?"

"நல்லாத்தான். குடி, ஆறுது."